மூக்கில் கண்ணாடி வைத்த வண்டி

அம்மா,

முதலில் கண்ணில் பட்டது அந்தக் கண்ணாடிதான்.

ரயிலுக்காகக் கேட் போட்டிருந்தார்கள். எனக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் மூன்று சுண்ணாம்புக்கல் லாரிகள், ஒரு மினி பஸ், நான்கைந்து பைக்குகள். வண்டி தெரியவில்லை. லாரிச் சந்து வழியாக அதன் மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. அங்கே ஒரு சின்னக் காம்பின் மேல், உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. அது பின்னால் கிடக்கும் ரோட்டைக் காட்டாமல் மல்லாந்து கிடந்தது. அதற்குள் ஒரு துண்டு மேகம் இருந்தது.

வெள்ளரித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாம் வகுப்பு நோட்டில் மிச்சம் இருந்த தாள்களை எடுத்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடைச் சீட்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டுவேன். அதனால் இதையும் வாய்க்குள் வாசித்துக்கொண்டே எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

பதினெட்டு வருஷம் இந்தக் கேட்டில் நீ வெள்ளரியும் அவித்த கடலையும் விற்றாய். நம் அரியலூர் ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் லாரிதான். சிமெண்ட் ஆலைக்குப் போகிறவை, ஆலையிலிருந்து வருகிறவை. எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஒரே சாம்பல் பூச்சு. அந்த வரிசையில் என்றைக்காவது ஒரு பழைய வண்டி வந்து மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு நீ தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே அதனிடம் போவாய். அவர்கள் வெள்ளரி வாங்கினார்களா என்பதே உனக்கு நினைவிருக்காது. வண்டியைச் சுற்றி வருவாய். "தொட்டுப் பாக்கலாமாண்ணே?" என்று கேட்பாய். கேட் திறந்து அது போன பிறகும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய்.

எல்லாவற்றுக்கும் நீயே பேர் வைத்திருந்தாய். உருண்டையான பெரிய கார் 'கன்னம் உப்புனவன்'. கல்குழிக்குத் தண்ணீர் அடிக்கும், முன்பக்கம் நீண்ட பழைய லாரி 'மூக்கன்'. மூன்று சக்கர டெம்போ 'பன்னிமூஞ்சி'. பக்கத்தில் தொட்டி வைத்த ஸ்கூட்டர் ஒன்று வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அது 'இடுப்புல புள்ள வச்சிருக்கவ'. நான் எட்டாவது படிக்கும்போது போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன், "அம்மா, கன்னம் உப்புனவன் இல்ல, அது பேரு அம்பாசடர்."

"அது கம்பெனிக்காரன் வச்ச பேருடி. உனக்கு ஸ்கூல்ல ஒரு பேரு இருக்கு, வூட்டுல நீ குட்டி. அதுமாதிரிதான்" என்றாய்.

உனக்கு ஒரு சட்டமும் இருந்தது. வண்டியைப் பார்த்தேன் என்று சொன்னால் போதாது. "அடையாளம் சொல்லு" என்பாய். மற்றவர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கதவில் கயிறு கட்டியிருந்தது, ஹாரன் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் சட்டைப் பித்தான் இருந்தது, அப்படி ஏதாவது. அடையாளம் இல்லாத வண்டி உன் கணக்கில் வராத வண்டி.

உன் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஒரே ஒரு வண்டிதான். நான் உன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது வந்தது. வெண்ணெய் நிறம். கண்ணாடிகள் கதவில் இல்லாமல் மூக்கில் இருந்தன. ஓட்டியவருக்கு அதில் பின்னால் வருவது சரியாகத் தெரியவில்லை. உள்ளே உட்கார்ந்தால் கை எட்டாது, வெளியே வந்து திருப்பினால் சரியாக இருக்கிறதா என்று தெரியாது. அதனால் அவர் வீட்டம்மா இறங்கி வந்து திருப்பினார்கள். உள்ளேயிருந்து அவர், "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... ம், போதும்" என்றார். அந்த அம்மா ரோட்டில் நின்றபடியே உன்னிடம் வெள்ளரி வாங்கிக் கடித்தார்கள். உன் வயிற்றைப் பார்த்துவிட்டு, "திருமழபாடிக்குத்தான் போறோம். உனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வரேன்" என்றார்கள்.

"அதுக்கப்புறம் நானும் பாக்குறேன் பாக்குறேன், அந்த வண்டி இந்தப் பக்கம் வரவே இல்ல" என்று கதையை முடிப்பாய். இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன்.

சர்க்கரையில் உன் காலில் புண் வந்தது. ஆறவில்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது நான் பத்தாவதுக்குப் போக வேண்டியவள். "நான் கேட்டுக்குப் போறேம்மா" என்றேன். நீ சண்டை போட்டாய். "கேட்டு எங்கயும் ஓடிடாது. பத்தாவது முடிச்சிட்டு வா" என்றாய். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பாமலே இருக்கிறவர், வேறு ஆள் இல்லை, அதனால் படிப்பை விட்டேன் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைத்து அழுதாய். அது பாதிதான் உண்மை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தமே வராது. பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். உன் கால் போனதில் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. நீ அழுதபோது என் மனசுக்குள் ஒரு மூலை நிம்மதியாக இருந்தது. இதையும் நான் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் பேச முடியாதவளால் கேட்டில் மட்டும் பேச முடியுமா? உன்னைப் போல "வெள்ளரியே..." என்று கூவ எனக்கு வரவில்லை. கேட் கம்பத்தை ஒட்டி நிற்பேன். யாராவது கைதட்டிக் கூப்பிட்டால் போவேன். தலையைத் தூக்கினால் பேச்சுக் கொடுப்பார்கள் என்று கீழேயே பார்த்துக்கொண்டிருப்பேன். நாள் முழுக்க நான் பார்த்ததெல்லாம் டயர்கள்தான்.

சாயங்காலம் வந்ததும் நீ கட்டிலில் இருந்தபடி கேட்பாய். "ஏ குட்டி, இன்னிக்கு யாரு வந்தா?"

"யாரும் வரலம்மா."

மூன்று நாள் இதையே சொன்னேன். மூன்றாம் நாள் நீ, "ஒருத்தருமா வரல? நான் படுத்தது தெரிஞ்சு எல்லாரும் ரூட்ட மாத்திக்கிட்டாங்களா?" என்று சிரித்தாய். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

நான்காம் நாள், "கன்னம் உப்புனவன் வந்தான்" என்றேன்.

"அடையாளம்?"

"பின்னாடி சீட்டுல வாழத்தாரு உக்காந்திருந்துச்சு."

"வாழத்தாருக்கு சீட்டா? அப்ப புள்ளைங்க டிக்கியிலயா?" உனக்கு இருமல் வரும்வரை சிரிப்பு.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் ஒரு வண்டி. கேட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே அடையாளம் யோசித்துக்கொண்டு வருவேன். வெளியில் ஒரு வார்த்தை பேச முடியாத நான் உன் கட்டிலருகே உட்கார்ந்து சரளமாகப் பேசினேன். குற்ற உணர்ச்சி இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அப்போது இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு அந்த நாள். புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்து இரண்டு நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை, யார் வந்தார்கள் என்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "அம்மா, இன்னிக்கு மூக்குல கண்ணாடி வச்ச வண்டி வந்துச்சு."

முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டாய்.

"என்ன கலரு?"

"வெண்ண கலரு."

"யாரு இருந்தா?"

"ஒரு தாத்தா. ஒரு ஆயா."

"ஆயா எறங்குனாங்களா? கண்ணாடியத் திருப்புனாங்களா?"

"ஆமாம்மா."

"உள்ளருந்து அவரு, இன்னுங் கொஞ்சம் இன்னுங் கொஞ்சம்னு..."

"சொன்னாரும்மா."

நான் எதையும் புதிதாகச் சொல்லவில்லை. எல்லாம் உன்னுடையது. உன்னிடமிருந்து எடுத்ததை உனக்கே திருப்பிக் கொடுத்தேன். நீ அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டாய். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அன்று பிரதோஷம் என்று பைக்கில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. அழகுக்காக அதையும் சேர்த்தேன். "திருமழபாடிக்குத்தான் போறாங்க. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் போறதுன்னு முடிவு பண்ணியிருக்காங்களாம்."

என் மற்ற வண்டிகள் எல்லாம் வந்து போனவை. எப்போது வரும் என்று யாரும் கேட்க முடியாது. இந்த ஒரு வண்டிக்கு மட்டும் நானே நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன். ஆயுசு முழுக்கக் கேட்டில் நின்ற உன்னிடம், ஒரு வண்டி இன்ன நாளில் வரும் என்று சொன்னால் நீ என்ன செய்வாய் என்று நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த பிரதோஷத்தன்று நான் விழிக்கும்போது நீ தலை சீவி உட்கார்ந்திருந்தாய். அத்தை பெண் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலை. "பக்கத்து வூட்டுத் தம்பிகிட்ட சொல்லிட்டேன். ஆட்டோவுல கொண்டு போய் வுட்டுடுவான்" என்றாய். வெயில் ஆகாது என்றேன். புண் இருக்கிறது என்றேன். இன்றைக்கு வராமலும் போகலாம் என்றேன். "வராட்டி ரயிலையாவது பாத்துட்டு வரேன் போடி" என்றாய். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வகுப்பில் வராத சத்தம் இங்கேயும் வரவில்லை.

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை உட்கார வைத்தோம். முதல் தடவை கேட் போட்டதும் ஒரு லாரி டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, "யக்கோவ்! எங்க போயிட்ட? கேட்டே வெறிச்சுன்னு கெடந்துச்சு" என்றார்.

"ஒரு காலு தேஞ்சு போச்சுடா. மாத்தலாம்னு போனா, இந்த மாடலு இப்ப வர்றதில்லங்கிறான்."

"பழைய வண்டியாயிட்ட யக்கா. பார்ட்ஸு கெடைக்காது."

"பார்ட்ஸு கெடக்குது வுடு. ஹாரன் நல்லாருக்கு பாரு." சொல்லிவிட்டு, "வெள்ளரியே..." என்று ஒரு சத்தம் கொடுத்தாய். மினி பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. பிஞ்சாகப் பார்த்து நீயே நறுக்கியது. "அந்தம்மாவுக்கு வயசாயிருக்கும். மொளவாப்பொடி ஆவாது. வெறும் உப்புதான் போட்டுருக்கேன்" என்றாய்.

நான்கு தடவை கேட் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நீ கழுத்தை நீட்டி வரிசையின் கடைசி வரை பார்த்தாய். வெயில் இறங்கியது. பிரதோஷ நேரமும் முடிந்தது. ஆட்டோ அண்ணன் வந்து, "வந்தாங்களா யக்கா?" என்றார்.

"வரலடா தம்பி. மேலுக்கு முடியலையோ என்னமோ. வயசானவங்க."

ஆட்டோவில் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, "நீ தின்னுடி, வீணாக்காத" என்றாய். தின்றேன். காரமே இல்லை. உப்பு மட்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் கேட்டாய். "வந்தாங்களா?" இல்லை என்றேன். நீ அதோடு விடவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்து வண்டியாக இருக்கும், ஸ்டாண்டில் விசாரித்துப் பார் என்று ஆட்டோ அண்ணனிடம் சொன்னாய். தெரிந்த லாரிக்காரர்களிடம் கேட்டுப் பார் என்று என்னிடம் சொன்னாய். யாரோ இரண்டு பேர் எங்கேயோ நோயாகப் படுத்திருப்பதாக நினைத்து நீ கவலைப்பட்டாய். உனக்கு வலி அதிகமான நாட்களில்கூட அவர்களைப் பற்றிக் கேட்டாய். என் பொய் வீட்டை விட்டு வெளியே போய் ஆட்டோ ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. இதை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"அம்மா, அந்தத் தாத்தா செத்துட்டாராம். மினி பஸ் கண்டக்டர் சொன்னாரு."

நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாய்.

"எப்பவாம்?"

"போன மாசம்."

"அப்ப நான் அங்க குந்திக்கிட்டு வருவாரு வருவாருன்னு பாத்துக்கிட்டிருந்தப்ப, அவரு சாவக் கெடந்துருக்காரு."

சோறு போட்டுக் கொண்டு வந்தேன். "சாவு சேதி கேட்டுட்டு உடனே எப்படிடி திங்கிறது?" என்று தட்டை நகர்த்தி வைத்தாய். பிறகு, என்னிடம் என்று இல்லாமல் சொன்னாய். "இனிமே அந்தக் கண்ணாடிய எப்படித் திருப்பும் அந்தம்மா? உள்ள ஒரு ஆளு வெளிய ஒரு ஆளு வேணுமே அதுக்கு."

பதினேழு வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் இருந்த எனக்காகக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னவர்கள் அவர்கள். எங்கேயாவது நன்றாக இருந்திருப்பார்கள். உன் மனசில் நன்றாகத்தான் இருந்தார்கள். அவரை நான் சாகடித்தேன். நீ அவருக்காக ஒரு வேளை பட்டினி கிடந்தாய்.

அன்றிலிருந்து நீ, "இன்னிக்கு யாரு வந்தா?" என்று கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் வந்து பாத்திரம் கழுவுவேன், நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பொய் சொல்ல வேண்டியதில்லை என்று முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, நமக்குள் பேச வேறு ஒன்றுமே இருந்ததில்லை.

உனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வாரம் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உன் வாயைத் துடைத்துவிட்டபோது, "கேட்டுல தலையத் தூக்கி நில்லுடி. வர்றது போறது எல்லாம் மேலதான் இருக்கு" என்றாய். தெரிந்துதான் சொன்னாயா, எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாயா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இப்போது தலையைத் தூக்கித்தான் நிற்கிறேன். உண்மையாகவே வருகிறார்கள் அம்மா. முந்திரிப்பழ நாட்களில் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு மூக்கன் வந்தான். அடையாளம், டீசல் மூடிக்குப் பதிலாகத் துணி சுற்றிய கொட்டாங்கச்சி. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போன ரொட்டிப்பெட்டி மாதிரி ஒரு வேன் வந்தது. அடையாளம், ஜன்னல் கம்பியில் காய்ந்த குழந்தைச் சட்டை. இடுப்பில் பிள்ளை வைத்திருக்கிறவளும் வந்தாள், இந்தத் தடவை தொட்டியில் ஒரு கிழ நாய். எல்லாவற்றுக்கும் அடையாளம் வைத்திருக்கிறேன். "அடையாளம்?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. உண்மையைப் பார்க்கக் கற்றுக்கொண்டபோது நீ இல்லை. நீ இருந்தபோது நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு வந்தது நான் சொன்ன வண்டி அல்ல. லாரிகளைத் தாண்டி நடந்து போய்ப் பார்த்தேன். வெண்ணெய் நிறம் இல்லை. அடர் பச்சை, அங்கங்கே பட்டி பூசிய சாம்பல் திட்டு. தாத்தாவும் இல்லை, ஆயாவும் இல்லை. மாமா வயசில் ஒருத்தர் மட்டும், கழுத்தில் துண்டோடு. பெரம்பலூரில் பெயிண்ட் அடிக்கக் கொண்டு போகிறாராம். ஆனால் கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"வெள்ளரியா பாப்பா? ஒண்ணு குடு" என்றவர், நான் கண்ணாடியையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "அத ஏன் கேக்குற. பிரேக்க மிதிச்சா அது வானத்தப் பாக்கப் போயிடுது. மூணு தடவ எறங்கிட்டேன். எறங்கித் திருப்பிட்டு வந்து உக்காந்தா, என் நெத்திதான் தெரியுது."

ரயிலின் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். கேட் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

தட்டைத் தரையில் வைத்தேன். மூக்கருகே போய் நின்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். "நான் திருப்புறேன். நீங்க உள்ளருந்து சொல்லுங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எல்லா லாரிக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.

"இன்னுங் கொஞ்சம்" என்றார்.

திருப்பினேன்.